கடற்கரைக் கால்நடைகளும் தீவனச் சேர்க்கைகளும்

சில மாதங்களுக்கு முன் மண்டபம் பகுதியில் ஒரு சிற்றூரில் கிராம சபை நடைபெற்றபோது, முதியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, கடற்பாசிப் பொடியைத் தவிட்டில் கலந்து வைத்தால் மாடு இருமடங்கு பால் கறக்கும் என்று வியாபாரி சொல்லுகிறார். வாங்கலாமா, வேண்டாமா?" என்று வினவினார். கூட்டத்திலிருந்த பலரும் அதே ஐயம் உடையவராய் இருந்தனர். சிலர் ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தனர். அவ்வினாவுக்கு ஒரு சொல்லில் விடையளித்தல் இயலாது. தீவனச் சேர்க்கை என்பது யாது, நம் மாவட்டத்துக் கால்நடைகளுக்கு உண்மையில் எது குறைகின்றது, எது நன்மை தரும், எது உயிருக்கே ஊறு விளைக்கும் என்பவற்றை ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் அறிந்துகொள்ளுதல் நலம். அந்நோக்கத்துடனேயே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

சேர்க்கை என்பது யாது?

வைக்கோல், சோளத்தட்டை, பசும்புல், தவிடு, புண்ணாக்கு ஆகியவை தீவனம். இவை மாட்டின் வயிற்றை நிரப்பி, அதற்கு வலுவும் சதையும் பாலும் அளிப்பவை. இத்தீவனத்துடன் மிகச் சிறிய அளவில் கலக்கப்பெறும் பொருள்களே சேர்க்கைகள். தாது உப்புக்கள், உயிர்ச்சத்துக்கள், சாப்பாட்டு உப்பு, யூரியா, கடற்பாசிப் பொடி முதலியன இவ்வகையின. சோற்றுக்கு உப்பு எவ்வாறோ, தீவனத்துக்குச் சேர்க்கை அவ்வாறே. உப்பின்றிச் சோறு சுவைக்காது என்பது உண்மை; ஆனால், சோறே இல்லாத இலையில் உப்பை மட்டும் பரிமாறினால் பசி தீருமோ? கோடையில் எலும்பு தெரிய நிற்கும் மாட்டுக்கு முதலில் வேண்டுவது தழையும் தட்டையும் நீருமே. இவற்றுக்குச் செலவிட வேண்டிய பணத்தைக் கவர்ச்சியான பொட்டலங்களுக்குச் செலவிடுதல் பயனற்றது.

நம் மாவட்டத்தின் நிலை

இராமநாதபுரம் மாவட்டம் வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் மாவட்டம். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையே கண்மாய்களை நிரப்பி, திருவாடானை, இராஜசிங்கமங்கலம் பகுதிகளில் நெல்லை விளைவிக்கின்றது. அறுவடைக்குப் பின் மாசி, பங்குனி தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை பசுந்தீவனம் அரிது. அப்போது மாடுகள் வைக்கோலையும், ஆடுகள் காட்டுப் புதர்களையும் நம்பியே காலந்தள்ளுகின்றன. வைக்கோலில் புரதச்சத்து நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பங்கே உண்டு. மணிச்சத்தும் மிகக் குறைவு. ஆகவே, நம் கால்நடைகளின் குறை பெரும்பாலும் மூன்று: நல்ல நீர், புரதம், தாது உப்பு.

நீரைப் பற்றி முதலில் கூறுதல் வேண்டும். கடலோரச் சிற்றூர்களில் கிணற்று நீர் உவர்ப்பாயிருத்தலை யாவரும் அறிவர். ஒரு லிட்டர் நீரில் கரைந்த உப்புக்கள் 3 கிராமுக்குள் இருப்பின் கால்நடைகள் அதனைப் பொதுவாகத் தாங்கிக்கொள்ளும். 5 கிராமுக்கு மேற்படின் சினைப்பசுவுக்கும் கறவைப்பசுவுக்கும் அந்நீர் ஏற்றதன்று. 7 கிராமுக்கு மேற்படின் எக்கால்நடைக்கும் கொடுத்தல் ஆகாது. உவர்நீர் அருந்தும் மாட்டுக்குத் தீவனத்தில் மேலும் உப்பைக் கூட்டுதல் தீங்காகும். வேற்றூர்களில் கறவை மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 30 கிராம் உப்பு வைக்கும்படி கூறப்படும் அறிவுரையைக் கடற்கரையூரில் அப்படியே பின்பற்றலாகாது. கால்நடைகள் அருந்தும் கிணற்று நீரை ஆண்டுக்கு ஒரு முறையேனும் சோதித்தறிதல் ஊராட்சியின் கடமையாகக் கொள்ளத்தக்கது.

தாது உப்புக் கலவை

மாடு சுவரை நக்குவதையும், கந்தலையும் எலும்பையும் மெல்லுவதையும் பலர் கண்டிருப்பர். அதனைக் கெட்ட பழக்கமென்று அடித்துத் திருத்த முயல்வாரும் உண்டு. பெரும்பாலும் அது பழக்கமன்று. மணிச்சத்துக் குறைவின் அடையாளம். கிடேரி காலத்தில் பருவத்துக்கு வாராமை, ஈன்ற பசு மீண்டும் சினை பிடிக்கத் தாமதித்தல், கன்றின் எலும்பு வளைதல் ஆகியவற்றுக்கும் தாது உப்புக் குறைவு ஒரு காரணமாகலாம்.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்பது எளிது. ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 1.2 கிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. நாளொன்றுக்கு 10 லிட்டர் கறக்கும் கலப்பினப் பசு 12 கிராம் சுண்ணாம்புச்சத்தைத் தன் உடலிலிருந்து நமக்குக் கொடுத்துவிடுகின்றது. தீவனத்தில் அது கிட்டாவிடின் தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதிப்படி செய்யப்பெற்ற தாது உப்புக் கலவையில் நூற்றுக்கு 20 பங்கு சுண்ணாம்புச்சத்தும், 12 பங்கு மணிச்சத்தும் குறைந்த அளவாக இருத்தல் வேண்டும். அத்தகைய கலவையில் 50 கிராம் கொடுத்தால், 10 கிராம் சுண்ணாம்புச்சத்தும் 6 கிராம் மணிச்சத்தும் பசுவுக்குக் கிடைக்கும். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ கலவை ஒரு கறவை மாட்டுக்குப் போதும். கன்றுக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 கிராம் அளிக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. மாட்டுக்கெனச் செய்த கலவையைச் செம்மறி ஆட்டுக்கு நெடுநாள் கொடுத்தல் கூடாது. அக்கலவையில் செம்பு என்னும் தாது சற்று மிகுதியாயிருக்கும். மாடு அதனைத் தாங்கும், செம்மறி தாங்காது. செம்மறியின் ஈரலில் செம்பு சிறுகச் சிறுகச் சேர்ந்து, வெளியில் யாதொரு அடையாளமுமின்றி மாதக்கணக்கில் தங்கி, திடீரென ஒரு நாள் இரத்தத்தில் கலந்து, கண் மஞ்சளித்து, சிறுநீர் கறுத்து ஆடு மடியும். இராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல் போன்ற நம் நாட்டுச் செம்மறிகளை வளர்ப்போர் செம்மறிக்கென்றே செய்த கலவையை மட்டும், ஓர் ஆட்டுக்கு நாளொன்றுக்கு 5 முதல் 10 கிராம் வரை கொடுத்தல் நன்று.

கடற்பாசி

இனி முதியவரின் வினாவுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் நம் கரையூர்களில் பலர். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அகர் செய்வதற்கும், கட்டக்கோரை அல்ஜினேட் செய்வதற்கும் செல்கின்றன. 1995ஆம் ஆண்டளவில் பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையத்தின் வழியாகக் கப்பாஃபைகஸ் என்னும் வேற்றுநாட்டுப் பாசி இங்கு வளர்க்கப்படலாயிற்று. பின்னர் மகளிர் குழுக்கள் மூங்கில் மிதவைகளில் அதனைப் பயிரிட்டு வருவாய் ஈட்டின. 2013க்குப் பின் வெப்பத்தாலும் நோயாலும் அப்பயிர் பெரிதும் குன்றியது. 2023ஆம் ஆண்டில் தொண்டிக்கு அருகே வளமாவூரில் 127.71 கோடி ரூபாய் மதிப்பில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. ஆகவே, பாசியைக் கால்நடைத் தீவனத்துக்குப் பயன்படுத்தும் பேச்சு இனி மேலும் வளரும்; வளர்வதில் தவறில்லை.

பாசியைக் கால்நடைகள் உண்பது புதுமையன்று. ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஓர்க்னித் தீவுகளுள் ஒன்றான வடக்கு ரொனால்ட்சேயில், 1832ஆம் ஆண்டில் தீவைச் சுற்றிக் கல்மதில் எழுப்பி, விளைநிலத்துக்குள் புகாதவாறு ஆடுகளைக் கடற்கரைப் பக்கம் விட்டனர். அன்று முதல் அவ்வினம் பெரும்பாலும் பாசியையே உண்டு வாழ்கின்றது. எனினும், தலைமுறை தலைமுறையாகப் பழகிய இனம் அது. நம் ஆடு மாடுகள் அவ்வாறு பழகியவை அல்ல.

பாசியில் அயோடினும் பொட்டாசியமும் வேறு பல நுண்தாதுக்களும் மிகுதி. சிறிய அளவில் அவை உடல்நலத்துக்கு உதவக்கூடும். பாவ்நகர் நிறுவனமும் பாசியிலிருந்து தீவனச் சேர்க்கை செய்வது குறித்து ஆய்வு நடத்தியுள்ளது. ஆனால், பொதுவாகப் பாசிகளில் மணிச்சத்து குறைவு. நம் மாடுகளுக்கு மிகவும் குறைவதும் அதுவே. ஆகவே, பாசிப் பொடி தாது உப்புக் கலவைக்கு மாற்றாகாது. கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகள் நீரிலுள்ள ஆர்சனிக் முதலிய நச்சுத் தாதுக்களையும் ஈர்த்துச் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையவை. சோதிக்கப்படாத பாசியை மாதக்கணக்கில் கொடுத்தல் தக்கதன்று. கரையொதுங்கிய பாசியை மணலோடும் உப்போடும் அள்ளி வந்து தொட்டியில் இடுவது அறவே கூடாது.

கால்நடைகளின் ஏப்பத்தில் வெளியேறும் மீத்தேன் வாயுவைக் குறைக்கும் அஸ்பரகோப்சிஸ் என்னும் சிவப்புப் பாசியைப் பற்றிய செய்தியையும் சிலர் படித்திருக்கலாம். மாடு உண்ணும் தீவனத்தின் ஆற்றலில் நூற்றுக்கு 2 முதல் 12 பங்கு வரை இவ்வாயுவாக வீணாகின்றது. ஆஸ்திரேலிய நாட்டு ஆய்வாளர்கள் அப்பாசி இவ்வாயுவைப் பெரிதும் குறைப்பதைக் கண்டனர். ஆயினும், அதில் வேலை செய்யும் புரோமோஃபார்ம் என்னும் பொருள் அளவு மீறினால் தீங்கு தருவது. நம் கரையில் வாரியெடுக்கும் பாசியெல்லாம் அப்பாசி அன்று என்பதை நினைவிற் கொள்க.

மேலும், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவருகே பவளப்பாறைகளின் மீது படர்ந்ததை 2008இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். மாட்டுத் தீவனத்துக்காகப் பவளப்பாறைப் பாசியை வாரியெடுக்கத் தொடங்கினால் மீனும் குறையும். மீனவர் வாழ்வும் குலையும். பயிரிட்ட பாசியே பயன்படத்தக்கது.

யூரியா: நன்மையும் நஞ்சும்

அசைபோடும் கால்நடைகளின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள், யூரியாவிலுள்ள தழைச்சத்தைக் கொண்டு புரதத்தை உண்டாக்கவல்லவை. எனவே, வைக்கோலை யூரியாவால் ஊட்டமேற்றும் முறை நம் மாவட்டத்துக்கு மிகப் பொருத்தமானது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் நீரில் முற்றக் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கின்மீதும் சீராகத் தெளித்து, நன்கு மிதித்து, காற்றுப் புகாமல் பாலித்தீன் தாளால் மூடி 21 நாள் வைத்தல் வேண்டும். பின் வேண்டிய அளவு எடுத்து, ஒரு மணி நேரம் காற்றில் உலர்த்தி, அம்மோனியா நெடி அடங்கிய பின் கொடுக்கலாம். வைக்கோலின் புரத அளவு ஏறத்தாழ இருமடங்காகும். மாடு விரும்பி மிகுதியாகவும் உண்ணும். முதல் வாரத்தில் சாதாரண வைக்கோலுடன் சிறிது சிறிதாகக் கலந்து பழக்குதல் அவசியம். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கு இது ஆகாது.

இம்முறையை நம் ஒன்றியத்து உழவர் ஒருவர் குற்றமின்றிச் செய்து முடித்தார். ஆனால், மிஞ்சிய யூரியாக் கரைசலைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு உணவருந்தச் சென்றார். கட்டவிழ்ந்த இரு பசுக்கள் தாகத்தால் அதனை அருந்தின. ஒன்று வயிறு உப்பி, வாயில் நுரை தள்ளி, ஒரு மணி நேரத்துக்குள் இறந்தது. மற்றொன்றைக் கால்நடை மருத்துவர் வந்து, காடியும் குளிர்ந்த நீரும் குழாய் வழியே வயிற்றுள் செலுத்திக் காப்பாற்றினார். இறந்த பசு அக்குடும்பத்தின் வருவாயில் பாதி. அவ்வீட்டு அம்மையார், "மூட்டைமேல் பார்த்துப் போடும்படி யாராவது சொல்லியிருக்கலாமே" என்று கூறியது இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது. செயல்முறையைச் சொல்லிக் கொடுத்த நாங்கள், மிஞ்சியதை என் செய்வது என்பதைச் சொல்லவில்லை. எனவே இங்கே சொல்லுகின்றேன்: கரைசலைக் கால்நடை எட்டாத இடத்தில் தயாரியுங்கள், அன்றே முழுவதையும் தெளித்துவிடுங்கள், பாத்திரத்தை உடனே கழுவுங்கள், யூரியாவை ஒருபோதும் குடிநீரில் கலக்காதீர்கள்.

பூஞ்சணமும் கருவேல நெற்றும்

சேர்க்கைப் பொருளென நாம் கலவாமலே தீவனத்தில் சேர்ந்துவிடும் நஞ்சும் உண்டு. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணந்தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது, அவை தின்ற கடலைப் புண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்து, அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. கடற்கரையின் ஈரக்காற்றில் கடலைப் புண்ணாக்கு விரைவில் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த புண்ணாக்கைத் துடைத்துவிட்டுப் போடுவதால் நஞ்சு நீங்காது. வேகவைப்பதாலும் முற்றும் நீங்காது. மாட்டின் ஈரலைக் கெடுப்பதோடு, பாலின் வழியே நம் குழந்தைகளையும் அது அடையும். புண்ணாக்கைப் பலகைமீது, சுவரைத் தொடாமல், ஒரு மாதத் தேவைக்கு மட்டும் வாங்கி வைத்தலே காப்பு.

1877ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம் நம் மாவட்டத்தை நிறைத்திருப்பதை யாவரும் அறிவர். அதன் இனிப்பான நெற்றை ஆடு மாடுகள் விரும்பித் தின்னும். அளவோடு, அடர்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை, உலர்த்தி அரைத்துச் சேர்த்தால் அது நல்ல தீவனமே. ஆனால், நெடுநாள் அதை மட்டுமே தின்னும் மாட்டுக்குத் தாடையும் நாவும் தளர்ந்து, மெல்லவியலாமல் மெலிந்து மடிதல் உண்டு. அரையாத நெற்றின் விதை சாணத்தோடு வெளிவந்து எங்கும் முளைக்கும். ஆகவே, அரைத்துக் கொடுத்தலே இரட்டை நன்மை.

விலக்க வேண்டியவை

ஏறத்தாழ 1950ஆம் ஆண்டில், நோய்க்கொல்லி மருந்தைச் சிறிது சிறிதாகத் தீவனத்தில் கலந்தால் கோழியும் பன்றியும் விரைந்து வளர்கின்றன எனக் கண்டு, பல நாடுகள் அம்முறையைக் கைக்கொண்டன. நாளடைவில் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறின. மனிதருக்கு நோய் வந்தபோது மருந்து பயன்படாமற் போயிற்று. 1986இல் ஸ்வீடன் நாடும், 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் இப்பழக்கத்தைத் தடை செய்தன. இந்திய அரசு 2019ஆம் ஆண்டு ஜூலையில் கொலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்துவதைத் தடை செய்தது. "வளர்ச்சி மருந்து" என்று பெயர்மட்டும் ஒட்டிய பொட்டலத்தை வாங்குவது, நம் வீட்டுப் பிள்ளைகளின் மருந்தை வீணாக்குவதற்கு ஒப்பாகும்.

அவ்வாறே, மாட்டின் எலும்புத்தூளையும் இறைச்சித்தூளையும் மாட்டுக்கே கலந்து கொடுத்ததன் விளைவாக இங்கிலாந்தில் பித்த மாட்டு நோய் பரவியது 1986 முதல் உலகறிந்த செய்தி. நம் நாட்டிலும் கறவை மாடுகளுக்கு அத்தூள்களை அளித்தல் விலக்கப்பட்டுள்ளது. மணிச்சத்துக்கு டைகால்சியம் பாஸ்பேட் கலந்த கலவையே போதுமானது.

ஊராட்சி செய்யத்தக்கவை

தனி உழவர் ஒருவர் பொட்டலத்தின் உண்மையைச் சோதித்தறிய இயலாது. ஊர் ஒன்றுகூடினால் இயலும். அக்டோபர் 2ஆம் நாள் கூடும் கிராம சபையிலோ வேறு கிராம சபையிலோ பின்வருவனவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவதாக, கால்நடைத் தொட்டிகளின் நீரைச் சோதித்து, அதன் உப்பளவை யாவரும் காண எழுதி வைத்தல்.

இரண்டாவதாக, மகளிர் குழு அல்லது பால் கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாகத் தரமுத்திரையுள்ள தாது உப்புக் கலவையை மொத்தமாக வாங்கி, வீட்டுக்கு ஒன்றரைக் கிலோ வீதம் பங்கிடுதல். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தயாரிக்கும் கலவையும் கிடைக்கும்.

மூன்றாவதாக, ஐயத்துக்குரிய தீவனத்தையும் பாசிப் பொடியையும் மாதிரி எடுத்து, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலுள்ள தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அனுப்புதல்.

நான்காவதாக, அறுவடை முடிந்தவுடன் வைக்கோலை யூரியாவால் ஊட்டமேற்றும் செயல்விளக்கத்தை ஊர்ப் பொதுவிடத்தில், கால்நடைத்துறையினர் முன்னிலையில் நடத்துதல்; மிஞ்சிய கரைசலை என் செய்வது என்பதையும் அன்றே கற்பித்தல்.

ஐந்தாவதாக, நோயுற்ற கால்நடைக்கு உதவி வேண்ட 1962 என்னும் எண்ணை ஊராட்சி அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதுதல்.

முதியவருக்கு அன்று யான் கூறிய விடை இதுவே: "பெரியவரே, முதலில் மாட்டுக்கு நல்ல நீர் கிடைக்கின்றதா என்று பாருங்கள். அடுத்து, வயிறு நிறையத் தீவனம் வையுங்கள். அதன் பின் தாது உப்பு. அதற்கும் மேலே கையில் பணம் மிஞ்சினால், சோதித்துச் சான்று பெற்ற பாசிப் பொடியைப் பற்றி யோசிப்போம்." அவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்து, "அப்படியானால், எங்கள் தெருக் கிணற்று நீரை முதலில் சோதியுங்கள்" என்றார். அவ்வூரில் இப்பணி அக்கிணற்றிலிருந்தே தொடங்கியது. பிற ஊர்களும் அவ்வாறே தொடங்குமாக.